எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன்

(ஒளிப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வெளிநாட்டுப் பயணம் உறுதியானதும், விசாவுக்கு அடுத்தபடியாக நம் ஆட்கள் கவலைப்படுவது லென்ஸைப் பற்றித்தான். "கம்போடியா போறேன் சார், 70-200 வாங்கிடலாமா?" "ஐரோப்பா டூர், வைட் ஆங்கிள் ஒண்ணு போதுமா?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "யாரை, எதை, எத்தனை அடி தள்ளி நின்று எடுக்கப் போகிறீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. கேமராக் கடையில் யாரும் அதைக் கேட்பதில்லையே!

இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். நமக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால், லென்ஸ் தானாக முடிவாகிவிடும். விலை, கூர்மை, கம்பெனி பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1855இல் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன், ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு பர்மாவுக்குப் போனார். அரசாங்கம் அவரை அனுப்பியதே படம் எடுக்கத்தான். மெழுகு பூசிய காகித நெகட்டிவில், ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவர்தான் பிறகு 1858 வாக்கில் மதுரை, தஞ்சை, திருச்சி கோயில்களை எடுத்தவர். அந்தப் பர்மா பயணத்துக்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1866இல், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் பாங்காக்கிலிருந்து புறப்பட்டு அங்கோர் போய்ச் சேர்ந்தார். அங்கோர் வாட்டின் முதல் ஒளிப்படங்கள் அவருடையவை. அவர் கையாண்டது கண்ணாடித் தகடு. தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, காயும் முன்பே கழுவியும் ஆக வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரமும், ரசாயனப் புட்டிகளும், கண்ணாடிப் பெட்டிகளும் காட்டுவழியே கூடவே போயின.

நம் ஊர் ஏ.கே. செட்டியாரையும் சொல்ல வேண்டும். 1930களில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர், உலகம் சுற்றியவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். இவர்கள் யாருக்கும் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரிதாக இல்லை. இருந்ததை வைத்துக்கொண்டு கால்களை நகர்த்தினார்கள். நமக்கு வசதி கூடிவிட்டது. கால்கள்தான் நகர மறுக்கின்றன.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு மனிதரை நிற்கவைத்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து முழு உருவம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 எம்.எம். லென்ஸ் என்றால் நாலரை அடி தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் ஆறரை அடி. 50 என்றால் ஒன்பது அடி. 105 என்றால் பத்தொன்பது அடி. 200 என்றால் முப்பத்தாறு அடி.

இந்த எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறரை அடியில் நிற்கும்போது அவர் கண்ணைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லாமல் படம் எடுக்க முடியாது. அவர் ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிரிப்பாவது வேண்டும். முப்பத்தாறு அடியில் எதுவுமே தேவையில்லை. அவருக்குத் தெரியாமலே எடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் டெலி லென்ஸ் வாங்குவதன் ரகசியம் இதுதான். அப்படி எடுத்த படங்களை நூறு பேரிடமிருந்து வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். மங்கலான பின்னணி, எங்கோ பார்க்கும் முகம், ஊர் எதுவென்றே தெரியாது. மொராக்கோவும் மயிலாப்பூரும் ஒன்றுபோல இருக்கும்.

ஆனால் 105 எம்.எம். லென்ஸை எல்லோரும் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் அது தவறு. 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சைக் கண் சிறுமியின் படம் எல்லோருக்கும் தெரியும். நிக்கான் எஃப்.எம்.2 கேமரா, 105 எம்.எம். எஃப் 2.5 லென்ஸ், கோடக்ரோம் ஃபிலிம். தலையும் தோளும் மட்டும் சட்டத்தில் நிறைய வேண்டுமென்றால் அந்த லென்ஸுக்கு ஆறடி தூரம் போதும். ஆறடி என்பது பேசும் தூரம். முகத்தின் அளவுகளும் நாம் நேரில் பார்ப்பதுபோல் அமையும். அதே முகத்தை அதே அளவில் 24 எம்.எம். லென்ஸில் எடுக்கப் போனால் ஒன்றேகால் அடிக்கு நெருங்க வேண்டும். மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடி, முகமே கோணிப்போகும். மொபைலில் எடுத்த முகங்கள் பல அப்படி இருப்பது இதனால்தான். பெரும்பாலான மொபைல்களின் முதன்மை லென்ஸ் 24, 26 எம்.எம். கணக்கில் வருவது.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வந்து உலகம் முழுக்கச் சுற்றிய அந்த முகத்துக்குச் சொந்தக்காரியின் பெயர் ஷர்பத் குலா என்பது வெளியே தெரிந்தது 2002இல். பேசும் தூரத்தில் எடுத்த படம்தான். ஆனாலும் பதினேழு ஆண்டு அவருக்குப் பெயர் இல்லை. லென்ஸ் நம்மை ஆறடிக்குக் கொண்டுபோய் விடும். பெயரைக் கேட்பது நம் வேலை.

சரி, ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அங்கோரையே எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் போக நினைக்கும் இடம், எல்லா லென்ஸுக்கும் வேலை வைக்கும் இடம்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். ஆகவே காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். முன்னால் இருக்கும் இரண்டு குளங்களில், உள்ளே நுழையும்போது இடக்கைப் பக்கம் இருப்பதன் கரையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஏன் குளக்கரை என்றால், நடுப்பாதையில் நேராக நின்றால் மூன்று கோபுரங்கள்தான் தெரியும். பின்னால் இருக்கும் இரண்டும் முன்னவற்றில் மறைந்துவிடும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஐந்தும் தெரியும், தண்ணீரில் நிழலும் கிடைக்கும். இதற்கு 24க்கும் 35க்கும் இடையில் ஏதாவது ஒன்று போதும். இங்கே ஒரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 24 எம்.எம். லென்ஸில் சூரியனின் உருவம் கால் மில்லிமீட்டர்கூட வராது. ஃபிரேமின் அகலம் 36 மில்லிமீட்டர். அஞ்சலட்டைகளில் கோபுரத்தின் மேல் பெரிய ஆரஞ்சு உருண்டையாகச் சூரியன் இருக்கிறதே, அது வெகு தூரம் பின்வாங்கி 200, 300 எம்.எம். லென்ஸில் எடுத்தது, அல்லது கணினியில் ஒட்டியது. நிலாவுக்கும் இதே கணக்குதான்.

சூரியன் ஏறியதும் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடும். நீங்கள் திரும்பாதீர்கள். நேரே கிழக்குப் பிராகாரத்தின் தென்பகுதிக்குப் போங்கள். பாற்கடல் கடைந்த கதை அங்கே 49 மீட்டர் நீளத்துக்குச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள், நடுவில் திருமால். கிழக்கு வெளிச்சம் தூண்களுக்கு இடையே சாய்ந்து உள்ளே வரும் நேரம் அது. புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது பக்க வெளிச்சம்தான். ஃப்ளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும்.

அந்தப் பிராகாரத்தில் ஓரளவுக்கு மேல் பின்னால் நகர முடியாது. உடனே கை பைக்குள் போகும், 16 எம்.எம். லென்ஸைத் தேடும். வேண்டாம். அதில் ஓரத்தில் இருக்கும் அசுரர்கள் இழுபட்டுத் தடித்துப்போவார்கள், நடுவில் உள்ளவர்கள் எறும்பாகிவிடுவார்கள். 35 அல்லது 50ஐ மாட்டி, சுவருக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, ஓர் அடி, ஓர் அடியாக நகர்ந்து துண்டு துண்டாக எடுங்கள். முன்னால் சொன்ன ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் சுற்றி ஓடும் கல்வெட்டை 1858இல் இப்படித்தான் எடுத்தார். 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்கு வைட் ஆங்கிள் இல்லாதது நமக்கு நல்லதாகப் போயிற்று. அந்தப் படத்தில் எழுத்துகளை இன்றும் வாசிக்கலாம்.

அங்கிருந்து பாயோன். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பௌத்தக் கோயில். கோபுரத்துக்குக் கோபுரம் நான்கு பக்கமும் புன்னகைக்கும் பெரிய கல் முகங்கள். லென்ஸைப் பற்றி ஒரு பாடம் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பதினைந்து அடியில் ஒரு முகம், நாற்பத்தைந்து அடியில் இன்னொரு முகம் என்று வையுங்கள். 24 எம்.எம். லென்ஸில் எடுத்தால் முன்முகம் பின்முகத்தைப்போல் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். இப்போது முப்பது அடி பின்னால் போங்கள். முன்முகம் நாற்பத்தைந்து அடி, பின்முகம் எழுபத்தைந்து அடி. வித்தியாசம் ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. முன்முகம் பழைய அளவிலேயே சட்டத்தில் நிற்க வேண்டும் என்றால் 72 எம்.எம். போட வேண்டும். இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வதுபோல் ஆகிவிடும். டெலி லென்ஸ் இடைவெளியைச் சுருக்குகிறது என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். சுருக்கியது நீங்கள் பின்னால் வைத்த முப்பது அடி. லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான். இது மனத்தில் பதிந்துவிட்டால், ஜூம் வளையத்தைத் திருகுவதற்கு முன் எங்கே நிற்பது என்று முடிவு செய்யும் பழக்கம் வந்துவிடும்.

மரத்தின் வேர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் தா ப்ரோமில் நான் அதிகம் நிற்க மாட்டேன். அங்கே ஒளி குறைவு, கூட்டம் அதிகம், எல்லோரும் ஒரே வாசலில் ஒரே படத்தை எடுக்கிறார்கள். மழை விட்ட பிறகு போனால் ஒரு போலரைசர் கண்ணாடி இலைகளின் பளபளப்பை அடக்கிப் பச்சையைக் காட்டும்.

காவி உடுத்த பிக்குகளை எல்லோருக்கும் பிடிக்கும். கல்லும் காவியும் சேர்ந்தால் படம் நன்றாக இருக்கும், உண்மைதான். அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் பார்வையாளர்களுக்கு நடத்தை விதிகள் வெளியிட்டிருக்கிறது. பிக்குவைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள் என்பது அதில் ஒன்று. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, அருகில் நெருங்கி உட்காரவும் கூடாது. பிள்ளைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், அது அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெருவுக்கு இழுக்கும்.

இவ்வளவுக்கும் என்ன லென்ஸ் தேவைப்பட்டது? 24லிருந்து 105 வரை. அதற்கு ஒரே ஜூம் இருக்கிறது. எஃப் 4 அப்பர்ச்சர், 650லிருந்து 700 கிராம் எடை. இன்று பெரும்பாலான கம்பெனிகளும் இந்த வகையில் ஒன்றை விற்கிறார்கள். சிலர் 24-120 தருகிறார்கள், இன்னும் நல்லது. கூடவே ஒரு சின்ன பிரைம் லென்ஸ், 35 எம்.எம். எஃப் 1.8. அது 300 கிராம் அளவில் வரும். எஃப் 4க்கும் எஃப் 1.8க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெளிச்சம். ராத்திரிச் சந்தையில், எண்ணெய் விளக்கு எரியும் கோயிலுக்குள், ரயில் பெட்டியில் அந்த ஐந்து மடங்குதான் படத்தைக் காப்பாற்றும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். எதிரே நூடுல்ஸ் கிளறும் அம்மாவின் கையை அது நிறுத்தி வைக்காது.

க்ராப் சென்சார் வைத்திருப்பவர்கள் எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். 16-80 ஜூம் ஒன்று, 23 அல்லது 24 பிரைம் ஒன்று. முடிந்தது. பட்ஜெட் இடிக்கிறதா? கேமராவோடு வந்த 18-55ஐயே வைத்துக்கொண்டு ஒரு 35 எஃப் 1.8 மட்டும் வாங்குங்கள். அந்தச் சென்சாரில் அது 50 மாதிரி வேலை செய்யும். ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் லைக்காவில் 50 எம்.எம். லென்ஸை வைத்துக்கொண்டுதான் உலகத்தைச் சுற்றினார். கேமராவின் பளபளக்கும் பாகங்களைக்கூடக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தாராம்.

அப்படியானால் 70-200 எஃப் 2.8? நல்ல லென்ஸ்தான், கல்யாண மண்டபத்தில். ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. விமானத்தில் கையில் கொண்டுபோக நம் ஊர்ப் பயணிகளுக்கு ஏழு கிலோதான் பெரும்பாலும் அனுமதி. அதில் ஒன்றரையை இதற்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் தோள் வலிக்கிறது என்று அறையிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள். மசாய் மாரா, செரங்கெட்டி என்று காட்டுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. அங்கே ஜீப்பை விட்டு இறங்க முடியாது. கால் செய்ய வேண்டியதை லென்ஸ்தான் செய்தாக வேண்டும். 100-400 இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. அதையும் வாங்காதீர்கள், பெரிய நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது.

கேமராவில் எப்போதும் ஒரு லென்ஸ் மாட்டியே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். துருக்கியின் அரா கூலர், இஸ்தான்புல்லின் கண் என்று பெயரெடுத்தவர். 1958இல் ஓர் அணைக்கட்டுத் திறப்பைப் படமெடுக்கப் போனபோது ஓட்டுநர் வழி தவறிவிட்டார். கெய்ரே என்ற குக்கிராமத்தில் போய் மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஊர்க்காரர்கள் பழங்காலத் தூண் தலைகளை மேசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூலர் எடுத்தார். அந்தப் படங்கள் வெளியாகி, 1961இல் நியூயார்க் பல்கலைக்கழகம் அகழாய்வு தொடங்கியது. அஃப்ரோடிஸியாஸ் என்ற அந்தப் பழைய நகரம் 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அணைக்கட்டுப் படங்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை.

பயணப் படத்துக்கு வந்திருக்கும் புது நோயையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜப்பானில் ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை எழுந்து நிற்கும் காட்சி இணையத்தில் பரவியது. சாலையின் குறுக்கே ஓடுவது, குப்பை போடுவது, அக்கம்பக்கத்தாரின் இடத்தில் ஏறுவது என்று அட்டகாசம் தாங்காமல், 2024 மே மாதம் ஊராட்சியே 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையை மறைத்தது. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் அனுமதியில்லாமல் படம் எடுத்தால் 10,000 யென் என்று 2019இலேயே பலகை வைத்தார்கள். மைகோ என்னும் பயிற்சிக் கெய்ஷா பெண்களை விரட்டி விரட்டி எடுத்ததன் பலன். அடுத்து போகும் ஒவ்வொருவருக்கும் கதவை அடைத்துவிட்டு வருவது நமக்கு அழகில்லை.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது. விலை உயர்ந்த கேமராவும் லென்ஸும் கொண்டுபோகிறவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் சீரியல் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேரே வெப்பத்துக்குள் போனால் லென்ஸ் வேர்த்துவிடும். அதிகாலைப் படத்துக்குப் போகிறவர்கள் பையை மூடியபடியே வெளியே அரை மணி வைத்திருந்து பிறகு திறங்கள். ஊர் திரும்பியதும் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் கணினியைத் திறங்கள். போன பயணத்தில் எடுத்து, உங்களுக்கே பிடித்துப் பிறருக்குக் காட்டிய படங்களை மட்டும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்ற எண் பதிவாகியிருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த எண்ணில் நீங்கள் வாங்கக்கூடிய நல்ல லென்ஸை வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதையும், நான் இங்கே சொன்னதையும்கூட, அந்தத் தாளுக்கு அடுத்துத்தான் வைக்க வேண்டும்.